எட்டு ரூமுக்கு ஒரு ரிமோட்

இருங்காட்டுக்கோட்டையில் தசரதன் கட்டி வாடகைக்கு விட்டிருந்த எட்டு ரூம்களில் எந்த ரூமில் டிவி போட்டாலும், தசரதன் தன் வீட்டு ஹாலில் என்ன பார்க்கிறாரோ அதுதான் தெரியும். இதில் மாயமந்திரம் ஒன்றும் இல்லை. கேபிள்காரரோடு சண்டை போட்டுக்கொண்டு, மொட்டை மாடியில் சொந்தமாக ஒரு டிஷ் நட்டார். டிஷ்ஷுக்கு ஒரு ரிசீவர் பெட்டி. அதிலிருந்து வரும் ஒயரை ஸ்ப்ளிட்டர் வைத்துப் பிரித்து, தன் ஹாலுக்கு ஒன்று போக ரூமுக்கு ஒன்றாக இழுத்துவிட்டார். முதல் ரூமில் பளிச்சென்று தெரியும் படம் எட்டாம் ரூமுக்குப் போய்ச் சேரும்போது புள்ளி புள்ளியாக இருக்கும். பெட்டி ஒன்று, ஆகவே சேனலும் ஒன்று. ரிமோட் தசரதன் கையில்.

ஒயர் இழுத்த எலக்ட்ரீஷியன் அன்றைக்கே சொன்னான். "அண்ணே, அவங்கவங்க இஷ்டத்துக்கு மாத்தணும்னா ரூமுக்கு ஒரு பெட்டி வேணும்ணே."

தசரதனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "இன்னாத்துக்கு? வாடகைக்கு வந்தவனுக்கு டிவி வர்றதே பெருசு. வர்றத பாக்கட்டும்." வாசலில் தொங்கிய டு-லெட் போர்டில் 'டிவி வசதி உண்டு' என்று சேர்த்து எழுதினார். எழுதியதில் பொய் இல்லை.

ரூம்களில் இருந்ததெல்லாம் திருநெல்வேலி, தூத்துக்குடிப் பக்கத்துப் பையன்கள். கார் கம்பெனியிலும் அதற்கு உதிரி பாகம் செய்யும் கம்பெனிகளிலும் வேலை. ஷிப்டு முடிந்து வந்து கிரிக்கெட் பார்ப்பார்கள். கடைசி இரண்டு ஓவர் பாக்கி இருக்கும்போது தசரதனுக்கு ராசிபலன் ஞாபகம் வரும். எட்டு ரூமிலிருந்தும் "அண்ணாச்சீ!" என்று ஓர் அலறல் கிளம்பும். காதில் விழுந்தாலும் விழாத மாதிரி இருப்பதற்கு ஒரு வீட்டு ஓனருக்குச் சொல்லித்தரவா வேண்டும்? இரண்டு வருஷத்தில் அவருக்கு அந்த எட்டு டிவியும் மறந்தே போயின. தன் சோபாவில் உட்கார்ந்து தன் டிவியை மட்டும் மாற்றுவதாகவே நினைத்துக்கொண்டிருந்தார்.

அவருக்கு வேறு கவலை இருந்தது. புதிதாக வந்த கம்பெனி ஒன்று, சுற்றுவட்டார கிராமங்களிலிருந்து வேலைக்கு ஆள் ஏற்றிவர வேன் காண்ட்ராக்ட் தரப்போவதாகக் கேள்விப்பட்டு, மிச்சமிருந்த நிலத்தையும் விற்று இரண்டு வேன் வாங்கி வாசலில் நிறுத்திவிட்டார். காண்ட்ராக்டைக் கம்பெனி கொடுக்கிறது என்பதெல்லாம் பேச்சுக்கு. உள்ளூர்க் கட்சிக்காரர் கைகாட்டுகிற ஆளுக்குத்தான் அது போகும். ஆளுங்கட்சியில் கைகாட்டுகிறவர் ராஜாமணி. வேன்கள் மூன்று மாதமாக வெயிலில் காய்ந்தன, தசரதன் ராஜாமணி வீட்டு வாசலில் காய்ந்தார். "எலெக்‌ஷன் முடியட்டும்பா" என்றார் ராஜாமணி.

எலெக்‌ஷனும் முடிந்து ஓட்டு எண்ணும் நாள் வந்தது. நம் ஊரில் ஆளுங்கட்சிக்கு ஒரு சேனல், எதிர்க்கட்சிக்கு ஒரு சேனல். எண்ணுவது ஒரே ஓட்டுதான், ஆனால் இந்தச் சேனலில் ஒரு கணக்கும் அந்தச் சேனலில் வேறு கணக்கும் வரும். ஒரு வீட்டில் எந்தச் சேனல் ஓடுகிறது என்று தெரிந்தால் போதும், யாருக்கு ஓட்டுப் போட்டாய் என்று கேட்க வேண்டியதில்லை.

காலை எட்டரைக்கு ஆளுங்கட்சி சேனலை வைத்துவிட்டு, தசரதன் ராஜாமணியின் செல்லுக்குப் போன் போட்டார். "அண்ணே, நம்ம சேனல்தான் ஓடிக்கினு கீது. நம்மாளுங்கதான் முன்னணி." பத்து மணிக்கு எதிர்க்கட்சி சேனலை ஒரு நடை எட்டிப் பார்த்தார். அங்கே கணக்கு தலைகீழாக இருந்தது. பதறிப்போய்த் திரும்பி வந்து இரண்டாவது போன் போட்டார். பதினொன்றேகாலுக்கு எதிர்க்கட்சி சேனலுக்குக் குடியே போய்விட்டார். அப்போதும் மூன்றாவது போன் போட்டு, "கொலசாமி சத்தியமா காலையிலேர்ந்து நம்ம சேனல வுட்டு நகரலண்ணே" என்றார். "தெரியும் தசரதா, தெரியும்" என்றார் ராஜாமணி. அந்தக் குரலில் ஒரு சிரிப்பு இருந்தது. பாசம் என்று எடுத்துக்கொண்டார் தசரதன்.

"அவங்க ஜெயிச்சிட்டா இன்னா பண்ணுவ?" என்று கேட்டாள் மனைவி எழிலரசி.

"சந்திரம்மாவுக்கு ஒரு சால்வை." சந்திரம்மாள்தான் எதிர்க்கட்சியில் கைகாட்டுகிறவர். சால்வையை எப்போதோ வாங்கி பீரோவில் வைத்திருந்தார். எந்தக் கட்சிக்கும் ஆகிற மாதிரி வெள்ளைச் சால்வை.

பன்னிரண்டு மணிக்குக் கரண்ட் போனது. காம்பவுண்டில் ஓடிய டிவியெல்லாம் ஒரே நேரத்தில் வாயை மூடின. சும்மா இருப்பானேன் என்று தசரதன் நாலாவது போன் போட்டார். பின்பக்கம் ரூம் வரிசையில் ஒரு செல்போன் அடித்தது. போனை வைத்தார், அது நின்றது. மறுபடி போட்டார், மறுபடி அடித்தது. செருப்புகூடப் போடாமல் ஓடிப்போய் மூன்றாம் நம்பர் ரூமை எட்டிப் பார்த்தார்.

பாயில் பனியனோடு உட்கார்ந்து, ஓர் அட்டையால் விசிறிக்கொண்டிருந்தார் ராஜாமணி. பக்கத்தில் அந்த ரூம்காரன் மாரிசெல்வம். நைட் ஷிப்டு முடித்து வந்தவன். ராஜாமணி யூனியன் நடத்தும் கம்பெனியில், செய்த பாகங்களைச் சோதித்து அனுப்புகிற வேலை அவனுக்கு.

"கட்சி ஆபீஸ்ல நம்ம சேனலத் தவிர வேற வைக்க முடியாது தசரதா," என்றார் ராஜாமணி கொஞ்சமும் கூசாமல். "வூட்ல வெச்சா தெருவுக்கே கேக்கும். ஓனரு தெனமும் ரெண்டையும் மாத்தி மாத்தி வெப்பாருன்னு தம்பி சொன்னான், காலையிலயே வந்துட்டேன். நல்லாத்தான் மாத்தின. பத்து மணிக்கு மட்டும் கொஞ்சம் அவசரப்பட்டுத் திருப்பிட்ட."

மானம் போயிற்று, வேன் போயிற்று என்று தசரதன் வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"நீ எதையும் பாக்கல, நானும் எதையும் பாக்கல. இன்னா?" என்றார் ராஜாமணி. போன உயிர் திரும்பி வந்தது. கரண்டும் வந்தது. ஆளுக்கொரு டீயோடு, எதிர்க்கட்சி ஜெயிப்பதை இருவரும் அந்த ரூமிலேயே சேர்ந்து பார்த்தார்கள். "பாவம், தொண்டனுங்க அழுதுகினு இருப்பானுங்க. போயி ஆறுதல் சொல்றேன்" என்று சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினார் ராஜாமணி.

சாயங்காலம் சால்வையோடு சந்திரம்மாள் வீட்டுக்குப் போனார் தசரதன். வெடிச் சத்தத்தில் காது அடைத்தது. உள்ளே சந்திரம்மாளுக்குப் பக்கத்து நாற்காலியில் ராஜாமணி உட்கார்ந்திருந்தார். அவர் போட்ட சால்வை சந்திரம்மாள் தோளில் இருந்தது. கட்சி மாறி ஒரு மணி நேரம்கூட ஆகியிருக்காது. ஆனால் பிறந்ததிலிருந்து அதே நாற்காலியில் வளர்ந்தவர் மாதிரி சாய்ந்திருந்தார்.

"வாய்யா," என்றார் சந்திரம்மாள். "காலையிலேர்ந்து மூணு தபா போன் பண்ணி, அவங்க சேனல வுட்டு நகரலன்னு கொலசாமி மேல சத்தியம் பண்ணியாமே?"

ராஜாமணி மின்விசிறியைப் பார்த்தார்.

தசரதனுக்கு நெஞ்சு கொதித்தது. "அதெல்லாம் சும்மா வாய்வார்த்தை, அக்கா! நான் பாத்தது உங்க சேனலு. ரூமுல இருக்குற பசங்கள கேளுங்க. நான் இன்னா பாக்குறனோ அதான் அவனுங்களுக்கும் தெரியும்." தான் செய்த துரோகத்துக்குச் சாட்சி கேட்டு ஒருவர் இப்படித் தவித்ததை அந்த வீடு அதுவரை பார்த்ததில்லை.

"கூட்டிக்கினு வா" என்றார் சந்திரம்மாள்.

ஓட்டமாக ஓடி மாரிசெல்வத்தை எழுப்பி இழுத்துவந்தார். "பாத்தத பாத்தபடி சொல்லு கண்ணு" என்று வழியெல்லாம் கெஞ்சினார். மாரிசெல்வம் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். ஒரு ஷிப்டுக்கு நானூறு பாகத்தைப் பார்த்து, நேரம் போட்டு எழுதிப் பழகியவன்.

"எட்டரையிலருந்து பத்து வரைக்கும் அவிய சேனலு. பத்து மணிக்கு நாலு நிமிஷம் ஒங்க சேனலு. பெறவு திரும்பவும் அவிய சேனலு. பதினொண்ணேகாலுக்கு ஒங்க சேனலு வந்துச்சு. நீங்க நூறு சீட்டைத் தாண்டிட்டியன்னு போட்டாவ, அதுக்குப் பெறவு மாத்தவே இல்ல."

ராஜாமணியைப் பற்றி யாரும் கேட்கவில்லை. தன்னிடம் வராத பாகத்தை மாரிசெல்வம் சோதிப்பதில்லை.

சந்திரம்மாள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "நூறு தாண்டுற வரைக்கும் யோசிச்சியா நீ? ராஜாமணி, வேன் காண்ட்ராக்ட் ஒனக்குத்தான், போ."

"தசரதன் வூட்டு வாசல்ல ரெண்டு வேன் சும்மாத்தான் நிக்குது," என்றார் ராஜாமணி மிகுந்த கருணையோடு. "எனக்கு வாடகைக்கு வுட்டுடட்டும்."

திரும்பும் வழியில் தசரதன் வெடித்தார். "நாலு நிமிஷம், நூறு சீட்டு, இதெல்லாம் ஒன்ன எவன்டா கேட்டான்? சந்திரம்மா சேனலத்தான் பாத்தாருன்னு ஒரு வார்த்த சொன்னா கொறஞ்சா பூடுவ?"

மாரிசெல்வம் நின்று அவரைப் பார்த்தான். "பாத்தபடி சொல்லுன்னு நீங்கதான அண்ணாச்சி சொன்னிய. ரெண்டு வருஷமா நீங்க பாத்ததத் தவிர வேற ஒண்ணையும் எங்களப் பாக்க விட்டியளா? அது மனப்பாடம் ஆவாம என்ன செய்யும்?"