அத்தைக்கு வசதியாக ஒரு வீடு

மனைவியிடம் பத்து நிமிஷம் தனியாகப் பேசுவதற்காக ஒரு வீட்டையே கட்டியவன் உலகத்தில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

மாமனார் போன பிறகு மாமியார் எங்களோடு வந்து ஆறு வருஷம் ஆகியிருந்தது. நல்ல மனுஷி, குறை சொன்னால் என் வாய் அழுகிவிடும். ஆனால் சாயந்திரம் ஆபீஸிலிருந்து வந்து நான் சோபாவில் உட்கார்ந்தால், எனக்கும் என் மனைவிக்கும் நடுவில் அவர் இருப்பார். நான் ஒரு பேச்சை ஆரம்பிப்பேன். அவர் முடித்து வைப்பார்.

அதை நேரே சொல்ல எனக்குத் துப்பில்லை. "அத்தைக்கு வசதியா இருக்கும்" என்று சொல்லி, வீட்டுக்குப் பின்னால் பன்னிரண்டுக்கு இருபதடியில் ஒரு சின்ன வீட்டுக்குப் பிளான் போட்டேன். மதில் சுவரிலிருந்து போதிய இடைவெளி விடவில்லை என்று நகராட்சி ஆபீஸிலிருந்து அது இரண்டு முறை திரும்பி வந்தது. மூன்றாம் முறை நானே டேப்பைப் பிடித்து அளந்து கொடுத்தேன்.

அஸ்திவாரம் தோண்டிய அன்று ஆட்களுக்கு டீ ஊற்றிக்கொண்டே அத்தை, "என் மாப்பிள்ளை மாதிரி யாருக்குக் கிடைக்கும்!" என்று தெருவுக்கே கேட்கும்படி சொன்னார். எனக்கு மண்ணுக்குள் புகுந்துகொள்ளலாம் போலிருந்தது. குழி தயாராகத்தான் இருந்தது.

அந்தக் குற்ற உணர்ச்சி என்னைப் படுத்திய பாடு! ஒரு ஜன்னல் போதும் என்ற இடத்தில் மூன்று வைத்தேன். குளியலறையில் வழுக்காத டைல்ஸ், வெந்நீர், பிடித்துக்கொள்ளக் கைப்பிடி. சமையல் மேடை அவர் உயரத்துக்கு. "சார், இது மாமியாருக்கா, மந்திரிக்கா?" என்று மேஸ்திரி கேட்டேவிட்டார்.

அத்தை குடிபோனார். முதல் வாரம் என் மனைவி சாமான் அடுக்கித் தரப் போனாள். அடுத்த வாரம், "அங்க நல்லா காத்து வருதுங்க" என்று போனாள். அதற்கப்புறம் காரணம் சொல்வதையும் விட்டுவிட்டாள். பெரிய வீட்டு சோபாவில் நான் மட்டும் கொட்டக் கொட்ட விழித்துக்கொண்டிருந்தேன்.

ஒரு சாயந்திரம் பொறுக்க முடியாமல் அங்கே போய் நின்றேன். அம்மாவும் பெண்ணும் கட்டிலில் காலை நீட்டிப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

"வீட்டுக்கு வாயேன்" என்றேன்.

"இதுவும் வீடுதானே? உட்காருங்க" என்றாள்.

"உன்கூட தனியா இருக்கத்தானே இதைக் கட்டினேன்!"

வாயிலிருந்து வந்துவிட்டது. மனைவி முறைத்தாள். அத்தை கோபப்படவில்லை, அதுதான் எனக்கு இன்னும் சுட்டது.

"அன்னிக்கே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே மாப்பிள்ளை. சாயந்திரத்துல நான் ஒரு நடை போயிட்டு வந்திருப்பேனே. இதுக்குப் போயா செங்கல்லு, சிமெண்ட்டு எல்லாம்?"

செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போனார்.

மனைவி நகர்ந்து எனக்கு இடம் விட்டாள். "சரி, சொல்லுங்க. ஆறு வருஷமா என்ன பேசணும்னு இருந்தீங்க?"

எவ்வளவு யோசித்தும் ஒன்றும் வரவில்லை.

"அத்தை எப்ப வருவாங்க?" என்று கேட்டேன்.