ஊட்டி வைத்த குறை

விழுப்புரத்துக் கல்யாண மண்டபத்தில், பந்தி முடிந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தபோது சம்பந்தி அப்பாதுரை சொன்ன ஒரு வார்த்தை சுப்பராயலுவின் நெஞ்சில் முள்ளாகத் தங்கிவிட்டது.

“ஊட்டியப் பாக்காத கண்ணும் ஒரு கண்ணா சம்பந்தி? வளவனூர்க்காரங்களுக்குக் கரும்பத் தாண்டி ஒண்ணும் தெரியாது போல.”

சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். வளவனூரில் நாலு தலைமுறையாகச் சொந்த நிலத்தில் நிமிர்ந்து நின்ற குடும்பம் அது. பெண் கொடுத்த இடமாயிற்றே என்று சுப்பராயலு பல்லைக் கடித்துக்கொண்டார். மே மாதம் பிறந்ததும் ஒரு வேனை அமர்த்திக்கொண்டு, திண்டிவனத்தில் மல்லாட்டை என்கிற நிலக்கடலைக்கு மண்டி வைத்திருக்கும் அப்பாதுரையின் வாசலில் போய் நின்றார்.

“குடும்பத்தோட கெளம்புங்க. ஊட்டிக்கு நான் கூட்டிக்கினு போறேன்.”

அழைத்தவர் அவர். ஆகவே அவரைப் பொறுத்தவரை ஊட்டியும் அவர் வைக்கும் விருந்துதான். அதில் ஒரு குறை வந்தால் பேச்சுக் கேட்கப்போவது அவர் மகள் கலைப்பிரியா. அந்த வீட்டுக்கு மருமகளாகிப் போய் ஆறு மாதம்தான் ஆகிறது.

குறை அடிவாரத்திலேயே ஆரம்பித்தது. ஈ-பாஸைக் காட்டிவிட்டு ஏறிய வேன் மூன்று மணி நேரம் ஊர்ந்தது. கட்டுச்சாதத்தை மலைக்காற்றில் உட்கார்ந்து சாப்பிடலாம் என்றிருந்தார். டீசல் புகையில் மடியில் வைத்துச் சாப்பிட்டார்கள். ஏரியில் படகுக்கு நின்ற வரிசை வெளியே சாலை வரைக்கும் வந்திருந்தது. பூங்காவிலோ பூவைக் காணோம், செல்போனைத் தூக்கிப் பிடித்த கைகள்தான் தெரிந்தன.

“இன்னா அநியாயம் இது! இதுக்கா ஊர் ஒலகமே ஓடி வருது?” என்றார் சுப்பராயலு.

“சீசன்னா அப்பிடித்தான் சம்பந்தி. நான் மூணு வாட்டி வந்தவன், எனக்குத் தெரியாதா?” என்றார் அப்பாதுரை.

மறுநாள் மலை உச்சிக்குப் போனார்கள். அங்கே கம்பி வேலியோரம் நின்றால் கீழே ஊர் மொத்தமும் தெரியுமாம். சம்பந்தியம்மா சின்னபொண்ணு முட்டிவலியோடு படிப்படியாக ஏறிக்கொண்டிருந்தார். முன்னால் போன சுப்பராயலு, வேலியோரம் இரண்டு ஆள் நிற்கிற இடம் காலியானதைப் பார்த்தார். திண்டிவனம் பஸ்ஸில் ஜன்னல் வழியாக எப்படி இடம் பிடிப்பாரோ அப்படியே தோள் துண்டை எடுத்துக் கம்பியில் போட்டார். துண்டு விழுந்த சீட்டில் இன்னொருத்தர் உட்காருவதை அவர் தம் ஆயுளில் பார்த்ததில்லை. நிம்மதியாகக் கீழே இறங்கி, சம்பந்தியம்மாவைக் கைத்தாங்கலாக அழைத்து வந்தார்.

அந்த இடத்தில் கறுப்புக் கண்ணாடி போட்ட ஒருவன் மனைவியோடு நின்றுகொண்டிருந்தான். துண்டு சேற்றில் கிடந்தது. அதன்மேல் ஷூ தடம்.

“எவன்யா துண்டத் தள்ளினது?”

“பொது இடம் பெரியவரே. துண்டு போட்டா பட்டா ஆயிடுமா?”

சுப்பராயலுவின் முகம் சிவந்தது. பின்னால் அப்பாதுரை விழுந்து விழுந்து சிரித்தார். “இது இன்னா நம்ம பஸ் ஸ்டாண்டா சம்பந்தி?”

ஒரு வழியாகச் சின்னபொண்ணு கம்பியைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தார். எதிரே சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி வெறும் பனி.

“எங்கங்க ஊரு?”



அடுத்த நாள் காலை வேன் திண்டிவனம் வந்து சேர்ந்தது. விருந்துக்கு அழைத்தவர் பிரியும்போது ‘குறை ஏதாச்சும் இருந்துதா?’ என்று கேட்க வேண்டும். வந்தவர் ‘ஒண்ணுமில்ல’ என்று சொல்ல வேண்டும். இரண்டு குடும்பத்துக்கும் அதுதான் வழக்கம்.

“நைனா, வழக்கமா கேக்குறத மட்டும் கேட்டுட்டு ஜல்தியா ஏறிடுங்க. பேஜாரு பண்ணாதீங்க,” என்று கலைப்பிரியா காதோடு சொன்னாள்.

அவர் வாய் திறப்பதற்குள் அப்பாதுரை முந்திக்கொண்டார். “ஒரு கொறையும் இல்ல சம்பந்தி. ஊட்டின்னா ஊட்டிதான்! எதிர்வூட்டு சீனுவாசன் போன்ல கேட்டான். பிரமாதம், அடுத்த வாரமே கெளம்புங்கன்னு சொல்லிட்டேன்.”

சுப்பராயலு நிமிர்ந்தார். “கொறை இருந்துது. அம்மா வலியோட ஏறி வெறும் பனியப் பாத்துட்டு எறங்கினாங்க. பேரக் கேட்டு, நாலு பேரை விசாரிக்காம கூட்டிக்கினு போனது என் தப்பு. மன்னிக்கணும்.” சின்னபொண்ணுவைப் பார்த்துக் கைகூப்பினார்.

கலைப்பிரியா கண்ணை மூடிக்கொண்டாள்.

“அப்பாடா, ஒருத்தராச்சும் வாயத் தொறந்தீங்களே!” என்றார் சின்னபொண்ணு. “இந்த மனுசன் மூணு வாட்டி போனாரே, ஒரு வாட்டியாவது ஊரு தெரிஞ்சுதான்னு கேளுங்கண்ணே.”

அப்பாதுரை செருப்பைப் பார்த்தார். “மூணு வாட்டியும் பனிதான். போயிட்டு வந்தவன் நல்லா இல்லன்னு எப்பிடிச் சொல்றது?”

“அப்பிடின்னா மண்டபத்துல என் குடும்பத்த எதுக்கு எளக்காரமாப் பேசினீங்க?” சுப்பராயலுவின் குரல் தெருமுனை வரைக்கும் கேட்டது. “உங்க பேச்சக் கேட்டு இப்ப இன்னொரு குடும்பம் போவுது. கூப்புடுங்க சீனுவாசன.”

அப்பாதுரை மனைவியைப் பார்த்தார். அவர் முகத்தில் இரக்கம் தெரியவில்லை. அப்பாதுரை எதிர்வீட்டைப் பார்த்துக் கூப்பிட்டார்.

“சீனுவாசா! அந்த ஊட்டி… கொஞ்சம் கூட்டம் ஜாஸ்திப்பா.”

“முழுசாச் சொல்லுங்க,” என்றார் சுப்பராயலு.

“ஒண்ணும் தெரியலப்பா! பனிதான்! போவாதே!”

சின்னபொண்ணு மருமகள் பக்கம் திரும்பினார். “கலை, நிக்கிறியே. உங்க நைனாவுக்குக் காப்பி போடு, போ.”