இடது துடுப்பு

1

இந்தக் கதை பொறாமையில் பிறந்தது. மற்றவர்களைக் கேட்டால் ஏதோ ஒரு முகம் தூங்கவிடவில்லை, ஏதோ ஒரு காட்சி உலுக்கிவிட்டது என்பார்கள். எனக்கு அப்படியெல்லாம் ஒன்றுமில்லை. வயிறு எரிந்தது, எழுத உட்கார்ந்துவிட்டேன். யார் மேல் எரிந்தது என்று இப்போதே கேட்காதீர்கள். எழுத எழுதத்தான் எனக்கே தைரியம் வரும்.

முதலில் இப்படித் தொடங்கினேன்: "இயந்திரங்களுக்கும் ஒரு மரணம் உண்டு, அந்த மரணத்துக்குப் பின்னும் அவை நம்மை" — சீ, இதை நானே படிக்கமாட்டேன்.

அடுத்தது: "பாமாவுக்குத் தன் தங்கையின் நாத்தனார் மேல் பொறாமை."

இது உண்மை. இதையே வைத்துக்கொள்வோம்.

2

பாமா கச்சிபௌலியில் ஒரு கம்பெனியில் டீம் லீட். ஆபீஸில் பரம சாது. வீட்டுக்கு வந்தால் வீடியோ கேம் பைத்தியம். அதுவும் ஊரே ஆடுகிற கேம் கிடையாது. விற்காமல் போய், கம்பெனியே தயாரிப்பை நிறுத்திவிட்ட, டிவியில் மாட்டி ஆடுகிற ஒரு கன்சோல்*. அதில் வந்து யாரும் சீண்டாமல் போன ஆட்டங்கள். அவற்றை ஒவ்வொன்றாகத் தேடிப் பிடித்து ஆடி, இணையத்தில் எழுதுவாள். அவள் எழுத்தைப் படிக்க ஒரு கூட்டமே இருக்கிறது. (என் எழுத்துக்கு இல்லை. அது வேறு எரிச்சல், இந்தக் கதைக்கு வேண்டாம்.)

அந்த ஆட்டங்களில் அவள் உயிரையே வைத்திருப்பது ஒன்றின் மேல். பெயரைத் தமிழில் சொன்னால் 'ஒரே படகு' என்று வரும். ஒரு படகு, ரெண்டு பேர். வலது துடுப்பு ஒருத்தர் கையில், இடது துடுப்பு இன்னொருத்தர் கையில். தனியாக ஆடவே முடியாது. ஒரு பக்கம் மட்டும் வலித்தால் படகு நின்ற இடத்திலேயே சுற்றும். வாங்கியவர்கள் சுற்றிச் சுற்றி வெறுத்துப்போய்த் தூக்கிப் போட்டார்கள்.

கல்யாணத்துக்கு முன் பாமா இருந்த காஞ்சன்பாக் குவார்ட்டர்ஸில் மட்டும் அது சுற்றவில்லை. அங்கே பாமாவுக்குத் தங்கை சாஹித்யா இருந்தாள். வலது பாமா, இடது சாஹித்யா. "நக்கோ அக்கா, நக்கோ, வேண்டாம்! பாறை இருக்கு!" என்று அவள் கத்துகிற கத்தலில் பக்கத்து வீட்டுக்காரர்கள் எட்டிப் பார்ப்பார்களாம். எல்லாக் கட்டத்தையும் முடித்தார்கள், கடைசி அருவியைத் தவிர. அதில் எத்தனை தடவை போனாலும் படகு கவிழ்ந்தது. சாஹித்யா கல்யாணமாகி மெல்போர்ன் போகும்போது, "நான் இல்லாம அருவியைத் தொடாதேக்கா, வந்ததும் சேர்ந்து தாண்டலாம்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

பாமா தொடவில்லை. இடது துடுப்புக்கான ரெண்டாவது கன்ட்ரோலரைத் தலையணை உறையில் சுற்றி, பீரோவில் பட்டுப்புடவைகளுக்கு மேலே வைத்துவிட்டாள்.

வீட்டில் தீபக் என்று ஒரு கணவனும் உண்டு. தூத்துக்குடிக்காரன். கதைக்கு அவன் முக்கியமில்லை.

* பெயர் சொல்லமாட்டேன். சொன்னால் 'அது ஒன்றும் சாகவில்லை' என்று நாலு பேர் சண்டைக்கு வருவார்கள்.

3

இந்த வருஷம் 'ஒரே படகு' மறுவெளியீடாக வந்தது. படத்தைப் பளபளவென்று துடைத்து, வேறு வேறு ஊரில் இருப்பவர்களும் நெட்டில் சேர்ந்து ஆடும்படி மாற்றியிருந்தார்கள். தனியாள் ஆடினால் இன்னொரு துடுப்பைக் கம்ப்யூட்டரே வலிக்கும்.

"வாங்குக்கா, ஆன்லைன்ல ஆடலாம்" என்று சாஹித்யா கேட்டாள். கேட்டாள் என்பதை நீங்கள் மறக்கக்கூடாது, ஏனென்றால் பாமா மறந்துவிட்டாள். "பழைய கன்சோல்ல ஆடினாத்தான் ஆட்டம். நீ ஊருக்கு வா" என்று அவளுக்குப் பதில் போயிற்று.

அப்புறம் ஒருநாள் ஆபீஸ் ஷட்டிலில் வரும்போது பாமாவின் போனுக்கு ஒரு படம் வந்தது. டிவியில் அருவிக்கு அந்தப்பக்கம் அமைதியாக மிதக்கிற படகு. டிவிக்கு முன்னால் சாஹித்யாவும் அவள் நாத்தனார் ராஜியும், கன்ட்ரோலரும் கையுமாக, வாயெல்லாம் பல்லாக. கீழே ஒரே வார்த்தை: "தாண்டிட்டோம்!!!"

பாமா கட்டைவிரல் ஒன்று அனுப்பினாள். வீட்டுக்கு வந்து, காபிகூடக் குடிக்காமல் மறுவெளியீட்டைப் பற்றி எழுத உட்கார்ந்தாள். தண்ணீர் எண்ணெய் மாதிரி ஓடுகிறதாம். பாறையெல்லாம் பிளாஸ்டிக்காம். அருவியின் உயரத்தைக் குறைத்துவிட்டார்களாம், "இப்போது யார் வேண்டுமானாலும், வீட்டுக்கு வந்த விருந்தாளிகூட, தாண்டிவிடலாம்"!

(அவள் அதை எழுதியபோது மறுவெளியீட்டை வாங்கக்கூட இல்லை. இந்தப் பாத்திரத்தை நான் கொஞ்சம் நல்லவளாக ஆக்கியிருக்கலாம். மனசு வரவில்லை.)

மறுநாள் சாஹித்யா கூப்பிட்டாள்.

"அக்கா, விருந்தாளின்னு யாரைச் சொன்னே?"

"ஆட்டத்தைப் பத்தித்தானே எழுதினேன்."

"ஹவ், ஆமா, ஆட்டத்தைப் பத்தித்தான்! ராஜி படிச்சிட்டு அழுதா. கைக்கு? எதுக்கு இவ்வளவு கோவம்?"

"அருவியைத் தொடாதேன்னு சொன்னது நீ."

"நான் உன்னைக் கூப்பிட்டேன்ல? நீதானே வரமாட்டேன்னே? இன்னும் எத்தனை வருஷம் நான் அந்த அருவிக்கு இந்தப் பக்கமே நிக்கணும்?"

பாமா போனை வைத்துவிட்டாள். அன்று இரவுச் சாப்பாட்டில் ரசத்துக்கு உப்பு இல்லை; தீபக் அதை அப்படியே சாப்பிட்டு முடித்தான்.

4

அடுத்த வாரம் பாமா மறுவெளியீட்டை வாங்கினாள். யாருக்கும் சொல்லவில்லை. கதவைச் சாத்திக்கொண்டு ஆடினாள், கம்ப்யூட்டரை இடது துடுப்பில் வைத்துக்கொண்டு.

தீபக் கதவைத் தட்டி, "நான் வேணா இடது பக்கம் போடட்டா?" என்று கேட்டான்.

"உனக்கு அது வராதுப்பா. நீ உன் வேலையைப் பாரு."

தீபக் திரும்பிப் போய் சோபாவில்

சரி. போதும் இந்த நடிப்பு. தீபக் நான்தான். பாமா என் மனைவி. வயிறு எரிந்தது என்றேனே, எனக்குத்தான். கல்யாணமான நாளிலிருந்து அந்தத் தலையணை உறையைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். மெல்போர்னில் இருக்கிற தங்கச்சிக்கு விட்டுக்கொடுத்தேன், அது நியாயம். ஆனால் ஒரு கம்ப்யூட்டருக்கா? பக்கத்து அறையில் கட்டின புருஷன் குத்துக்கல்லாட்டம் இருக்க, உயிரில்லாத ஒரு புரோகிராம் அவளோடு படகில் உட்கார்ந்திருக்கிறது. யாரிடம் போய்ச் சொல்வது?

5

அதற்கப்புறம் ஞாயிற்றுக்கிழமைகளில் பைக்கை எடுத்துக்கொண்டு உப்பல் போக ஆரம்பித்தேன். அங்கே என் சிநேகிதன் ஸ்ரீகாந்த் இருக்கிறான். பாமாவிடம் கிரிக்கெட் என்று சொன்னேன். உண்மையில் அவன் வீட்டில் 'ஒரே படகு' இருந்தது. அவன் வலது, நான் இடது. முதலில் கரையைவிட்டே நகர முடியவில்லை. "அடேய், எதிர்ப்பக்கம் வலிக்கிறியேடா எருமை!" என்று திட்டித் திட்டியே கற்றுக்கொடுத்தான். கை பழகிவிட்டது. ஒருநாள் பாமா என்னைக் கூப்பிடும்போது அசத்திவிடலாம், அவ்வளவுதான் என் ஆசை. போன ஞாயிறு நானும் ஸ்ரீகாந்தும் அந்தக் கடைசி அருவியை

6

முடிவுக்கு வருவோம். கைவசம் ரெண்டு இருக்கின்றன.

ஒன்று: அக்காவும் தங்கையும் சமாதானமாகி, ஆன்லைனில் சேர்ந்து அருவியைத் தாண்டுகிறார்கள். நல்ல முடிவு, எல்லாருக்கும் பிடிக்கும். ஒரு பக்கம் எழுதிவிட்டேன். படகில் எனக்கு இடம் இல்லை என்பதைப் பார்த்ததும் அழித்துவிட்டேன்.

இன்னொன்று: அவர்கள் இருவரும் போகும்போது படகு கவிழ்கிறது. எழுதுகிறவன் நான்தானே, கவிழ்த்தால் என்ன? அதையும் எழுதிப் பார்த்தேன். படகு கவிழ்ந்ததும் ரெண்டு பேரும் சிரித்துச் சிரித்து, இன்னும் ஒட்டிக்கொண்டுவிட்டார்கள். கவிழ்த்தும் பிரயோஜனமில்லை.

7

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே பாமா என் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றுவிட்டாள். எப்போது வந்தாள் என்று தெரியவில்லை. 'விருந்தாளி' என்ற இடத்தில் அவள் மூச்சு நின்றது எனக்குக் கேட்டது. கிரிக்கெட் என்ற இடத்தில் என் தலையில் ஒரு குட்டு விழுந்தது. ஐந்தாம் பகுதியின் கடைசி வரிக்கு வந்ததும் உள்ளே போய்விட்டாள். பீரோ திறக்கிற சத்தம் கேட்கிறது.

அவள் வருவதற்குள் உங்களுக்கு மட்டும் சொல்லிவிடுகிறேன். தாண்டிவிட்டோம். தாண்டினதும் ஸ்ரீகாந்தைக் கட்டிக்கொண்டு குதித்தேன். கீழ் வீட்டுக்காரர் மேலே வந்து என்ன ஏது என்று கேட்டார். குதித்து முடித்தபிறகுதான் அந்தப் படத்தில் சிரித்த ராஜியின் முகம் ஞாபகம் வந்தது.

பாமா வந்துவிட்டாள், இந்தத் தடவை எனக்கு எதிரே. கையில் தலையணை உறை. அதை மெதுவாகப் பிரிக்கிறாள். இத்தனை வருஷத்தில் அந்தக் கன்ட்ரோலரை இவ்வளவு பக்கத்தில் நான் பார்த்ததே இல்லை.

"அருவியைன்னு நிறுத்திட்டியே. அருவியை என்ன பண்ணீங்க?"

தாண்டவில்லை என்று சொன்னால் கன்ட்ரோலர் இப்போதே என் கையில் வந்துவிடும். அப்புறம் அந்த அருவிக்குப் போகிறபோதெல்லாம், தாண்டத் தெரிந்தும் நான் படகைக் கவிழ்த்துக்கொண்டே இருக்க வேண்டும். தாண்டிவிட்டோம் என்று சொன்னால் ராஜியைப் போல நானும் ஒரு விருந்தாளி.

கன்ட்ரோலரை நீட்டினாற்போலப் பிடித்திருக்கிறாள். இன்னும் கொடுக்கவில்லை. நீங்கள் எல்லாவற்றையும் படித்தவர்கள். நான் என்ன சொல்லட்டும்? சீக்கிரம்.