எண்பது லீற்றர்

வளவில் நின்ற வான் வண்டிக்கு அடியில் உரச்சாக்கை விரித்து, மல்லாந்து படுத்து, தண்ணீர்த் தாங்கியின் அடி மூடியைத் திருகினேன். எட்டு மாதமாக அடைபட்டுக் கிடந்த தண்ணீர் முகத்திலேயே கொட்டியது. நாற்றம் சொல்லி மாளாது. எழும்பித் துடைத்துக்கொண்டு பார்த்தால் நிலமெல்லாம் வெள்ளை வெள்ளையாகச் சுண்ணாம்புப் பொருக்கு. பிழை என்னுடையதுதான். திட்டுவதற்கு வேறு ஆள் இல்லாததால் ஆத்திரம் இன்னும் கூடியது.

வான் என் கணவரின் தம்பி அருட்பிரகாசத்தினுடையது. போன மார்கழியில் கனடாவிலிருந்து குடும்பத்தோடு வந்தவன், பழைய வான் ஒன்றை வாங்கி, உள்ளே கட்டில், அடுப்பு, சின்னக் கழிப்பறை, எண்பது லீற்றர் தாங்கி, பட்டரியில் ஓடும் பம்ப் எல்லாம் பூட்டுவித்து நாடு சுற்றினான். திரும்பிப் போகிற அன்று அதை எங்கள் வளவில் விட்டுவிட்டுச் சொன்னான்:

"அண்ணி, தாங்கியிலை ஒரு சொட்டுத் தண்ணி நிக்கக் கூடாது. முழுக்கத் திறந்து விட்டிடுங்கோ. அங்கை விண்டருக்கு முதல் நாங்கள் அப்பிடித்தான் செய்யிறனாங்கள்."

"ஏன் தம்பி, அச்சுவேலியிலை ஸ்நோ கொட்டப் போகுதோ?" என்றேன். நின்ற எல்லோரும் சிரித்தார்கள். நல்ல பகிடி என்று எனக்கே பெருமை. அதோடு, ஆவணியில் கிணறு அடியைக் காட்ட, வாளிக் கணக்குப் பார்த்து வளர்ந்தவள் நான். எண்பது லீற்றரை நிலத்தில் திறந்துவிட எனக்கு மனம் வரவில்லை. அப்படியே விட்டுவிட்டேன்.

என் கணவர் யாகோப்பு முப்பது வருடம் லொறி ஓடியவர். குடலில் ஒப்பரேசன் செய்து வயிற்றில் மலம் சேரும் பை பூட்டிய பிறகு வீட்டுப் படலையைத் தாண்டவில்லை. பூசைக்கும் இல்லை, கலியாண வீட்டுக்கும் இல்லை. "கழுவத் தண்ணி இல்லாத இடத்துக்கு நான் வரமாட்டன்." அவ்வளவுதான் பதில். அவர் பிழைத்தால் மடுக் கோவில் மாதாவிடம் கூட்டி வருகிறேன் என்று ஒப்பரேசன் அறை வாசலில் நின்று நேர்ந்தவள் நான். அதற்குப் பிறகு இரண்டு ஆவணித் திருவிழா போய்விட்டது. இந்த முறை வானைக் காட்டி நச்சரிக்க, அவர் அரை மனதோடு சொன்னார்: "அதிலை தண்ணி வந்தால் யோசிப்பம்."

அந்த ஒரு சொல்லுக்காகத்தான் வானுக்கு அடியில் படுத்தேன். புறப்பட மூன்று நாள் இருந்தது.

எங்கள் கிணற்றுத் தண்ணீர் தேத்தண்ணீர்க் கேத்திலுக்குள் பொருக்குக் கட்டினால் வினாகிரி ஊற்றி ஊற வைப்பேன். கேத்திலுக்குச் சரியென்றால் வானுக்கும் சரிவரத்தானே வேண்டும்? கடையில் பத்துப் போத்தல் கேட்டேன்.

"அச்சாறு போடவோ அக்கா?"

"ஓம். ஒரு வானை."

ஒரு நாள் முழுக்க ஊற வைத்தேன். இரண்டு தரம் அலசினேன். பம்புக்கு முன்னால் இருந்த சின்ன வடிகட்டியைக் கழற்றிப் பல் துலக்கும் பிரஷால் உரஞ்சினேன். கிணற்றிலிருந்து வாளி வாளியாக அள்ளித் தாங்கியை நிரப்பிச் சுவிட்சைப் போட்டேன். பம்ப் உறுமியது. பைப் இரண்டு தரம் இருமிவிட்டுப் பேசாமல் இருந்தது. திரும்பவும் எல்லாம் கழற்றினேன், பூட்டினேன். மூன்றாம் நாள் பின்னேரமும் அதே இருமல்தான். திரும்பவும் சுவிட்சில் கை வைத்தேன்.

"அதை நிப்பாட்டும், சிசிலியா! பம்ப் எரியப் போகுது." அறை யன்னலுக்குள் யாகோப்பின் முகம். "காத்துப் பிடிச்சிருக்கு. பம்பின்ரை வாயிலை இருக்கிற நட்டைக் கொஞ்சம் இளக்கி, காத்தை வெளியிலை விட வேணும். லொறியிலை டீசல் லைனுக்குச் செய்யிற மாதிரி."

எனக்கு நன்றாகவே விளங்கியது. குறடும் கையில்தான் இருந்தது.

"எனக்கு விளங்கேல்லை. வந்து காட்டுங்கோ."

யன்னல் கொஞ்ச நேரம் வெறுமையாக இருந்தது. பிறகு அவர் சேட்டு ஒன்றைப் போட்டுக்கொண்டு, ஒரு கையால் வயிற்றைப் பொத்தியபடி வந்தார். வானின் படியில் காலை வைத்து, கம்பியைப் பிடித்து ஏறினார். லொறியில் ஏறின காலத்து ஏற்றம் இல்லை, ஆனாலும் நான் கை கொடுக்கவில்லை. குனிந்து நட்டை இளக்கினார். புஸ்ஸென்று காற்றுச் சீறி, தண்ணீர் அவர் சேட்டில் அடித்தது. இறுக்கிவிட்டுப் பைப்பைத் திறக்கச் சொன்னார்.

முதலில் பால்போலக் கலங்கி வந்தது. பிறகு தெளிந்தது.

அவர் இரண்டு கையையும் கழுவினார். முழங்கைவரை கழுவினார். பைப்பைப் பூட்டாமல், கையைத் தண்ணீருக்குக் கீழே பிடித்தபடியே நின்றார்.

"எண்பது லீற்றர் காணாது," என்றார். "வேறையாய் ரெண்டு கலன் கட்டிக்கொண்டு போவம்."

வானுக்கு அடியால் தண்ணீர் வழிந்து, சாக்கை நனைத்து, காய்ந்து கிடந்த கத்தரிப் பாத்தி வரைக்கும் போய்க்கொண்டிருந்தது. பைப்பைப் பூட்டுங்கோ என்று நான் சொல்லவில்லை.