மூன்றாவது வளைவு

சோதனைக்காகச் செய்த ரப்பர் குடலின் மூன்றாவது வளைவில், விளக்கும் கேமராவும் வைத்த குழாய் மறுபடியும் நின்றுவிட்டது. டாக்டரம்மா கைப்பிடியைத் தள்ளிப் பார்த்தார். குழாயைச் செலுத்தும் மோட்டார் மசியவில்லை. காலையிலிருந்து இதே கூத்துதான்.

"உங்க மெஷினுக்கு ரொம்பத்தான் பயம்," என்றார், வலித்த கையை உதறிக்கொண்டே. "சுவரை லேசாத் தொட்டாலே நின்னுடுது. வளைவைத் தாண்டணும்னா கொஞ்சம் அழுத்தித்தாம்மா ஆகணும்."

மெஷினுக்கு என்ன பயம், பயம் எனக்கு. குழாயின் நுனி குடல் சுவரை எவ்வளவு அழுத்தியதும் மோட்டார் நிற்க வேண்டும் என்ற அளவை வைத்தவள் நான். டாக்டரம்மா சொன்னதில் பாதியைத்தான் வைத்திருந்தேன். ஆய்வகத்தில் மற்றவர்களுக்கு அது வெறும் ரப்பர். எனக்கு மட்டும் அந்த மேஜையில் என் வீட்டுக்காரர் ஒருக்களித்துப் படுத்திருந்தார்.

போன முறை, ஆஸ்பத்திரியில் அவருக்குக் கையால் செலுத்தும் பழைய குழாயை விட்டுப் பார்த்தார்கள். மயக்க மருந்து அவர் இதயத்துக்கு ஆகாது. அவர் போட்ட சத்தம் கதவுக்கு வெளியே உட்கார்ந்திருந்த எனக்குக் கேட்டது. பாதியில் நிறுத்திவிட்டார்கள். வளைவுக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கிறதென்று யாருக்கும் தெரியாது, ரத்தம் மட்டும் போய்க்கொண்டிருக்கிறது. எங்கள் கருவியை ஆட்களிடம் சோதிக்கப் போகிறார்கள் என்றதும் என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் போய்ப் பெயர் கொடுத்துவிட்டு வந்தார் மனுஷர். நான் செய்த கருவியாம், வீட்டுச் சமையல் மாதிரி நம்பிச் சாப்பிடலாமாம். சிரிப்பு வேறு.

அன்று சாயங்காலம் கட்டிலில் உட்கார்ந்து, துவைத்த துணியை மடித்துக்கொண்டிருந்தார். சட்டை தோளிலிருந்து தொங்கியது.

"இன்னைக்கும் தாண்டலையா?"

"இல்ல. அளவைக் குறைச்சு வச்சிருக்கேன். உங்களுக்கு வலிக்கக் கூடாதுன்னு."

அவர் மடிப்பதை நிறுத்தவில்லை. "போன தடவை நின்ன இடத்துலயே நிக்கிறதுக்கு மோட்டார் எதுக்கும்மா? வலிச்சா கத்திக்கிறேன். உள்ள என்ன இருக்குன்னு தெரியாம படுத்துக் கிடக்கிறதுதான் தாங்கல."

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அப்புறம்தான் உறைத்தது. அவரால் தாங்க முடியாத அந்தத் தெரியாமைக்குள்தான் இத்தனை நாளாக நான் ஒண்டிக்கொண்டிருந்தேன். அவருக்கு வலிக்கும் என்று சொல்லிக்கொண்டது சும்மா பேச்சு. மடித்த துணியை எடுத்துக்கொண்டு அலமாரிப் பக்கம் போனேன்.

மறுநாள் டாக்டரம்மா சொன்ன அளவுக்கே ஏற்றினேன்.

"நீங்களே விட்டுப் பாருங்க," என்று கைப்பிடியை என்னிடம் கொடுத்தார்.

மூன்றாவது வளைவில் அது என் உள்ளங்கையைத் திருப்பித் தள்ளியது. வழக்கமாக நின்றுவிடும் இடம். நான் விடாமல் அழுத்தினேன். திரையில் ரப்பர் சுவர் இழுபட்டு வெளுத்தது. பிறகு கையில் இருந்த பாரம் சட்டென்று குறைந்தது.

"தாண்டிடுச்சு," என்றார் டாக்டரம்மா. "வெளிச்சம் உள்ள போயிடுச்சு, பாருங்க."

நான் திரையைப் பார்க்காமல் கைப்பிடியையே பார்த்துக்கொண்டிருந்தேன்.