திருப்பிப் போடாத பதினைந்து

முதுகலை உளவியல் இரண்டாம் ஆண்டில் அவளை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. 'படிவம்' என்றால்தான் தெரியும். மாணவர்களின் தன்னம்பிக்கை, வழிபாடு, மனநலம் மூன்றுக்கும் என்ன உறவு என்று ஆராயக் கிளம்பியவள், கேள்விப் படிவக் கட்டோடு பல்கலைக்கழகம் முழுக்க ஆள் பிடித்தாள். அவள் தலை தெரிந்தால் சிற்றுண்டிச்சாலை காலியாகிவிடும். மரத்தில் ஏறி ஒளிந்தவனிடம் கீழே நின்று கத்திக் கத்திக் கேட்டே ஒரு படிவத்தை நிரப்பியிருக்கிறாள். இப்படி முந்நூறு பேர்.

கடைசியில் வந்த முடிவோ குண்டு போட்டது. அதிகம் வழிபடுகிறவர்களே அதிகம் இடிந்துபோயிருக்கிறார்கள்!

நெறியாளர் அம்மாவுக்குத் தலைகால் புரியவில்லை. துறைத்தலைவரிடம் சொன்னார், நூலகரிடம் சொன்னார், லிஃப்ட் பழுது பார்க்க வந்தவரையும் விடவில்லை.

படிவத்துக்குத்தான் அந்த முடிவு பிடிக்கவில்லை. தினமும் காலையில் பிரார்த்தனை அறையில் இரண்டு நிமிடம் கண்மூடி உட்காராமல் அவள் பேனாவைத் தொட்டதே இல்லை. சொந்த ஆராய்ச்சியே அது கெடுதல் என்ற பிறகு எந்த முகத்தோடு போவது? நிறுத்திவிட்டாள். ஒன்பது நாளில் சோறு இறங்கவில்லை. துறைக் கூட்டத்தில் படிக்கவேண்டிய பக்கத்தை எடுத்தால் முதல் வரியைத் தாண்டவில்லை.

பத்தாம் நாள் காலை பதினொரு மணிக்குக் கூட்டம். ஒன்பது மணிக்கு அறைத்தோழி 'மைக்' தலை வாரிக்கொண்டே படிவங்களைப் புரட்டினாள். அவள் ரகசியம் பேசினால் அடுத்த தெருவில் பதில் வரும்.

"ஏய், பச்சை மை! இது என்னோடது. எனக்கு எவ்வளவுடி போட்டிருக்க?"

"நூத்துக்கு நாப்பது."

"நாப்பதா? தினமும் கண்ணாடியப் பாத்து எனக்கே கைதட்டிக்கிறவ நான்! இங்க பாரு. 'நான் எதற்கும் லாயக்கில்லை'ன்னு கேட்டிருக்க. 'இல்லவே இல்லை'ன்னு ஒண்ண வட்டம் போட்டேன். அந்த ஒண்ணையே மார்க்கா குடுத்துட்டியா?"

படிவம் தாளைப் பிடுங்கிப் பார்த்தாள். இருபது வாக்கியங்களில் பதினைந்து இப்படிப்பட்ட புலம்பல். அவற்றுக்கு மட்டும் மதிப்பெண்ணைத் திருப்பிப் போடவேண்டும், ஒன்று என்றால் ஐந்து, ஐந்து என்றால் ஒன்று. கேள்விகளோடு வந்த விளக்கக் குறிப்பின் கடைசிப் பக்கத்தில் எறும்புக்கு மட்டும் தெரியும் எழுத்தில் இருந்தது. அவள் திருப்பவில்லை. முந்நூறு பேரும் தலைகீழாக நின்றுகொண்டிருந்தார்கள்.

கணினியில் மறுபடி போட்டாள். மைக்குக்கு நூற்றுக்கு நூறு. வழிபடுகிறவர்கள் மற்றவர்களைவிடக் கொஞ்சம் தெம்பாகவே இருந்தார்கள், அதுவும் கடுகளவுதான்.

"அப்போ ஒன்பது நாளா தப்புக் கணக்க நம்பி கடவுள்கிட்ட பேசாம இருந்தியா? பாவம், அவருக்கு விஷயமே தெரியாது" என்று சிரித்த மைக், அவள் முகத்தைப் பார்த்து அடங்கினாள். "சொல்லாம விட்டா யாருக்குத் தெரியப் போகுது?"

"இதக் கேட்டு என்னை மாதிரி இன்னும் எத்தனை பேர் நிறுத்துவாங்களோ" என்று படிவம் எழுந்தாள்.

நெறியாளர் அம்மா முழுவதையும் கேட்டார். கண்ணாடியைக் கழற்றினார், மாட்டினார், மறுபடி கழற்றினார்.

"லிஃப்ட்காரர் வரைக்கும் சொல்லிட்டேனேம்மா!"

"தப்பு என்னோடதுதான், மேடம்."

"ஒரு தடவையாவது நானும் சரிபாத்திருக்கணும். கூட்டத்துல உன் பேச்ச எடுத்துடச் சொல்றேன். ஆராய்ச்சிய அடுத்த பருவத்துல குடு. ஆனா துறைத்தலைவர்கிட்ட நீயே போய்ச் சொல்லணும். எனக்குத் தைரியமில்ல."

துறைத்தலைவர் கோபத்தில் மேசையைத் தட்டினால் மூன்றாவது மாடியில் சுண்ணாம்பு உதிரும் என்பார்கள். அவர் கதவுக்கு வெளியே நின்று, ஒன்பது நாளுக்குப் பிறகு, படிவம் கண்ணை மூடினாள். மைக் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"போதும், வா."

"ஒரு நிமிஷம்தான்டி ஆச்சு."

"மீதிய வெளிய வந்து நன்றியாச் சொல்லிக்கோ" என்று மைக் கதவைத் தட்டினாள்.

"யாரது?" என்றது உள்ளிருந்து இடி.

"நான்தான் சார்" என்று கதவைத் தள்ளினாள் படிவம். "ஒரு தப்பு பண்ணிட்டேன். சரி பண்ணியும் கொண்டுவந்திருக்கேன்."