ஏழாம் பக்கத்து விதி

நான் ஒரு பயந்தாங்கொள்ளி. அதனால்தானோ என்னவோ, நான் உருவாக்கிய ஆட்டமும் பயத்தை வைத்தே ஓடுகிறது. அச்சகத்தில் பகலெல்லாம் மருந்துப் பெட்டிகளுக்கு அட்டை வடிவமைப்பேன். மிச்ச நேரமெல்லாம் இரண்டு வருடமாக இந்த ஆட்டத்துக்கே போனது. பாலைவன ஊர், குதிரைகள், துப்பாக்கிகள், சுட்டாலும் சாகாத கொள்ளைக்காரர்கள். ஆளுக்கொரு பாத்திரமாகிப் பகடை உருட்டிக் கதையை நகர்த்த வேண்டும். கதையை நடத்துகிறவன் நான்.

ஏழாம் பக்கத்தில் ஒரு விதி. தன் பாத்திரம் எதற்குப் பயப்படும் என்று ஒவ்வொருவரும் ஒரு சீட்டில் எழுதி என்னிடம் தர வேண்டும். நான் அதைக் கதைக்குள் கொண்டுவருவேன். கடைசியில் எல்லோர் முன்னாலும் வாசிப்பேன். எழுதி முடித்ததும் என் தோளை நானே தட்டிக்கொண்ட விதி அது.

ஞாயிறு மதியம் முதல் சோதனை ஆட்டம். சாப்பாட்டு மேசையைச் சுற்றி என் தங்கை, அவள் கணவர், எதிர்வீட்டு மாட்டு டாக்டர். மாப்பிள்ளை கணக்கு வாத்தியார். நானே விசாரித்து, நானே தலையாட்டி முடித்த இடம். விதிப் புத்தகத்தை முந்தின வாரமே வாங்கிப்போய், எழுத்துப் பிழைகளைக்கூடத் திருத்திக் கொண்டுவந்திருந்தார். ஊர்க் காவல் தலைவரான ஷெரீஃப் வேடத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டார். தங்கை துப்பாக்கிக்காரி. டாக்டர் குதிரை வியாபாரி. தனக்கு வேறொன்றும் வராது என்றார்.

மற்றவர்களுக்குத் தெரியாதபடி என் முன் நிறுத்தியிருந்த அட்டைத் தடுப்புக்குப் பின்னால் சீட்டுகளைப் பிரித்தேன். டாக்டர்: உதைக்கிற குதிரை. மாப்பிள்ளை: ஷெரீஃபுக்குப் பயமே கிடையாது. மூன்றாவதில் தங்கையின் குண்டுகுண்டான எழுத்து.

‘வெளியே சாவி ரெண்டு தடவை திரும்புற சத்தம். ஒரு தடவைன்னா பரவால்ல, கடைக்கு. ரெண்டுன்னா ஸ்கூல் விட்டு வர்ற வரைக்கும்.’

என் பாலைவன ஊரில் பள்ளிக்கூடமே கிடையாது. நாலு மாதமாக அவளுடைய போனை அவர்தான் எடுத்தார். தூங்குகிறாள் என்பார், நானும் சரி என்பேன். என்னை மட்டும் எட்டும் என்று நம்பி எழுதியிருக்கிறாள். கடைசியில் வாசிப்பேன் என்பது அவளுக்குத் தெரியாது; நானும் சொல்லவில்லை. புத்தகம் அவர் கையில்தானே இருந்தது.

அதற்குப்பின் நான் என்ன கதை சொன்னேனோ, எனக்கே ஞாபகமில்லை. இரண்டாவது காட்சியிலேயே ஷெரீஃப் துப்பாக்கிக்காரியைச் சிறையில் தள்ளினார். பகடையும் அவர் பக்கமே விழுந்தது. பூட்டுகிறேன் என்று அவர் சிரித்தபோது தங்கையின் பென்சில் கீழே உருண்டது.

ஆட்டம் முடிந்ததும் அவர் புத்தகத்தைப் பிரித்தார்.

“மச்சான், ஏழாம் பக்கம். சீட்டை வாசிங்க.”

தங்கையின் முகத்தில் ரத்தமே இல்லை. பொய்யாக எதையாவது வாசிக்கலாம். ஆனால் சீட்டைப் பிடுங்கிப் பார்ப்பார், அவள் கையெழுத்து அவருக்குத் தெரியும். அப்புறம் வீட்டில் என்ன நடக்கும் என்று நினைக்கவே பயமாக இருந்தது. சிவப்புப் பென்சிலை எடுத்து, அவர் பிரித்த பக்கத்திலேயே அந்த விதியின் குறுக்கே கோடு கிழித்தேன். சோதனை ஆட்டம் இதற்குத்தான், இந்த விதி சரிவரவில்லை என்றேன்.

அவர் கையை நீட்டினார். “அப்ப சீட்டைக் குடுங்க, நானே கிழிச்சுப் போட்டுடறேன்.”

“இருக்கட்டும் மாப்ள,” என்றேன். “சீட்டும் இங்கயே இருக்கட்டும். தங்கச்சியும் இங்கயே இருக்கட்டும்.”

அவர் சிரிப்பு நின்றது. அவளைப் பார்த்துக் கிளம்பு என்றார். அவள் நாற்காலியின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். அவர் அவள் தோளைத் தொடப் போனபோது டாக்டர் எழுந்தார். அவருக்கு விஷயம் ஒன்றும் தெரியாது. ஆனால் மிரட்சியைப் பார்த்தால் தெரியும். எழுந்தால் பாதி அறை அவர்தான்.

“மிரண்டதை இழுக்கக் கூடாது சார். வாங்க, வாசல் வரைக்கும் நானும் வர்றேன்.”

இருவரும் படியிறங்கும் சத்தம் கேட்டது. கதவைச் சாத்திச் சாவியை ஒரு தடவை திருப்பினேன். எனக்குப் பின்னால் அவள் மூச்சு நின்றிருந்தது. இரண்டாவதுக்காகக் காத்திருக்கிறாள் என்று அப்போதுதான் உறைத்தது. சாவியை உருவிக்கொண்டு போய் அவள் உள்ளங்கையில் வைத்தேன்.

சாவியை விரல்களால் மூடிக்கொண்டாள். பிறகு எழுந்து கதவருகே போய், உள்ளிருந்து, இரண்டாவது தடவையை அவளே திருப்பினாள்.